செய்கூலியின் வீடு: கார்டியர் பற்றிச் சில குறிப்புகள்

நியூயார்க், ஐந்தாம் அவென்யூ, 52ஆம் தெரு முனை, கதவு எண் 653. ரயில்வே வாரிசு மார்ட்டன் பிளான்ட் கட்டிய மாளிகை. 1917இல் அது கார்டியர் கைக்கு மாறியது. கிரயம்: 100 டாலர் ரொக்கம், கூடவே இரட்டைச் சர முத்துமாலை ஒன்று. மாலையின் அன்றைய விலை 10 லட்சம் டாலர். பிளான்ட்டின் இளம் மனைவி மேஸிக்கு முத்தின்மேல் கண்; பியர் கார்டியருக்கு முனை வீட்டின்மேல் கண். பேரம் சுலபமாகப் படிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நல்ல முத்து வைரத்தையே தூக்கிச் சாப்பிடும். பாரசீக வளைகுடாவிலும் நம் மன்னார்க் கடலிலும் மூச்சடக்கி மூழ்கி, சிப்பி சிப்பியாகப் பிளந்து பார்த்தால்தான் உண்டு. பியரின் தம்பி ஜாக் பஹ்ரைன் வரை போய் முத்து வியாபாரிகளைப் பார்த்து வந்தவர். பிறகு ஜப்பானில் மிக்கிமோட்டோ சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்தார். வளர்ப்பு முத்து சந்தையை நிரப்ப, 1929இன் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, கடல் முத்தின் விலை மளமளவென்று சரிந்தது. மேஸி இறந்த பிறகு 1957இல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தது. சுமார் ஒன்றரை லட்சம் டாலர்தான் தேறியது. வீட்டில் இன்றும் கார்டியர் கடை நடக்கிறது.

மண்ணில் போட்டவன் கெட்டதில்லை என்று நம் பெரியவர்கள் தீர்ப்பை முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. கல்லும் முத்தும் எந்த நேரமும் விலை இறங்கலாம் என்பது நகைக்கடைக்காரனுக்குத்தான் முதலில் உறைக்கும். கல்லை நம்பாமல் வேறெதை விற்பது? இந்தக் குறிப்புகள் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன.

*

நாம் நகை வாங்கும்போது முதலில் கேட்பது எத்தனை பவுன் என்று. அடுத்த கேள்வி சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு. இந்த இரண்டையும் தண்டச் செலவு மாதிரிதான் பார்க்கிறோம். பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் காசு. செய்கூலி போனது போனதுதான். கார்டியரின் 180 ஆண்டுக் கதை இதைத் தலைகீழாகப் போட்ட கதை. அங்கே நிற்பது செய்கூலி; கல்தான் வந்து வந்து போகிறது.

*

குடும்ப வரலாறு, சுருக்கமாக. 1847இல் லூயி-பிரான்சுவா கார்டியர் தன் முதலாளி பிக்கார்டின் பட்டறையைப் பாரிஸில் எடுத்து நடத்தத் தொடங்கினார். மகன் ஆல்ஃபிரட். பேரன்மார் மூவர்: லூயி, பியர், ஜாக். 1899இல் கடை ரூ த லா பே 13ஆம் எண்ணுக்குப் போனது, அங்கேயே இருக்கிறது. பேரன்மார் ஊரைப் பிரித்துக்கொண்டார்கள். லூயிக்குப் பாரிஸ், பியருக்கு நியூயார்க், ஜாக்குக்கு லண்டன். கற்பனை மூத்தவருடையது, வியாபாரம் நடுவருடையது, கல் பார்க்கும் கண் இளையவருடையது. மூன்று அண்ணன் தம்பிகளுக்கு இப்படித் திறமை பிரிந்து அமைவதெல்லாம் கொடுப்பினை.

1904இல் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்ட் அரச நகைக்காரர் பட்டயம் கொடுத்தார். அரசர்களின் நகைக்காரர், நகைக்காரர்களின் அரசர் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் எல்லா விளம்பரத்திலும் வருகிறது.

*

பிளாட்டினம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அதுவரை ஐரோப்பாவில் வைரத்தை வெள்ளியில்தான் கட்டுவார்கள். வெள்ளி மெத்தென்று இருக்கும், கருத்தும் போகும். கல் விழாமல் பிடிக்கத் தடிமனாகப் போட வேண்டும். பின்பக்கம் உடையில் கறை படியாமல் இருக்கத் தங்கத்தகடு வேறு. மொத்தத்தில் கனம். பிளாட்டினம் கருக்காது, நூல் போல இழுத்தாலும் கல்லை விடாது. லூயி கார்டியர் 1900 வாக்கில் அதைத் துணிந்து எடுத்தார். உருக்கக் கடும் சூடு வேண்டும், பட்டறை வேலையாட்கள் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் பலன் கண்முன்னே. உலோகம் மறைந்து, சரிகைப் பின்னல் போல வைரம் மட்டும் நின்றது.

வடிவத்துக்கு அவர் போனது பழைய பாரிஸுக்கு. வரைபவர்களைக் குறிப்பேட்டோடு தெருவில் நடக்க விட்டார். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களின் இரும்புக் கிராதி, மாலைத் தோரணம், வாசல் வளைவு எல்லாவற்றையும் வரைந்து வரச் சொன்னார். மாலைப் பாணி என்று இன்று சொல்லப்படுவது அப்படி வந்தது. ஊரெல்லாம் ஆர்ட் நூவோவின் தண்டும் கொடியும் ஓடிக்கொண்டிருந்தபோது இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் மெச்சுவேன்.

நம்மூர் ஏழு கல் வைரத்தோட்டில் ஓபன் செட்டிங்கா குளோஸ் செட்டிங்கா என்று பாட்டிமார் வாதம் செய்வதும் இதே விவகாரம்தான்: கல்லைப் பிடிக்கும் உலோகம் எவ்வளவு தெரியலாம்?

*

ஹோப் வைரம். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் நீலக் கல். இன்றைய எடை 45.52 காரட். 1910இல் பியர் கார்டியர் இதை எவலின் வால்ஷ் மக்லீன் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரியிடம் காட்டினார். சாபக் கதையெல்லாம் அவரே உப்புக் காரம் சேர்த்துச் சொன்னார். அம்மையாருக்கு நகையின் அமைப்பு பிடிக்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டார். பியர் கல்லைக் கழற்றி, சுற்றிலும் வெள்ளை வைரம் வைத்து வேறு மாதிரி கட்டினார். அமெரிக்காவுக்கு எடுத்துப் போய், வார இறுதிக்கு உங்களிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தார். 1911இல் விற்றாகிவிட்டது. கல் அதே கல்தான்.

*

1911 டிசம்பர், டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதைக் கொண்டாடும் விழா. இந்திய மன்னர்கள் அத்தனை பேரும் ஓரிடத்தில். 27 வயது ஜாக் பெட்டியோடு வந்து இறங்கினார். பெண்களுக்கான நகைகளே கைவசம். இங்கே வந்தால் நகை போடுகிறவர்கள் ஆண்கள்! மகாராஜாக்கள் பாரிஸ் பாக்கெட் கடிகாரங்களைத்தான் ஆசையாக வாங்கினார்கள். கொண்டுவந்தது விற்றதைவிட, வாங்கிப் போனதில்தான் ஜாக்குக்கு லாபம். செதுக்கிய கற்கள்.

ஐரோப்பாவில் கல் என்றால் பட்டை தீட்ட வேண்டும். இங்கே இலை, பூ, முலாம்பழக் கீற்று என்று செதுக்குவார்கள். மரகதத்தில் இயல்பாகவே விரிசலும் மாசும் அதிகம். இலையின் நரம்பாகக் கோடு இழுத்துவிட்டால் குறை அழகோடு அழகாகப் போய்விடும். கை நிறையக் கிடைத்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே பெரிய விலை பெறாத கற்கள். கொலம்பியாவில் தோண்டிய மரகதம், கோவா வழி முகலாயர் கைக்கு வந்து, இங்கே செதுக்குப்பட்டு, மறுபடி கப்பலேறிப் பாரிஸ் போயிற்று.

அங்கே இவற்றை வைத்துச் செய்ததற்குத்தான் பின்னாளில் டுட்டி ஃப்ரூட்டி என்று பெயர் ஒட்டியது. ஒரு வளையலைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் பிளாட்டினக் கொடி வளைந்து ஓடுகிறது. தண்டு முழுக்கப் பொடி வைரம், தண்டு ஓரத்தில் கருப்பு எனாமல் கோடு. கெம்பு இலை, நீல இலை, பச்சை இலை. இலைக்கு இலை அளவு வேறு. மணிகளின் நடுவில் ஒரு வைரப் பொட்டு. கற்கள் செதுக்கியே வந்தவை. கல்லைப் பார்த்துத்தான் கொடியை வளைக்க முடியும். இரண்டு இலை தொட்டும் தொடாமலும் நிற்கிற இடைவெளியில் வேலைக்காரரின் கை தெரிகிறது.

சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றாக வைப்பது பாரிஸில் அன்று துணிச்சல். நம்மூர் கோயில் நகை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

1936இல் தையல் இயந்திர சிங்கர் குடும்பத்து வாரிசு டெய்ஸி ஃபெலோஸ் தன்னிடமிருந்த கார்டியர் நகைகளைப் பிரித்து ஒரே மாலையாகக் கட்டச் சொன்னார். இந்து மாலை என்று பெயர். கீழே 13 நீலக்கல் சொட்டுகள். முதலில் இதற்கு நம் அட்டிகை போலப் பின்பக்கம் பட்டுக்கயிறுதான். டெய்ஸி இறந்த பிறகு 1963இல் மகளுக்காக மாற்றிக் கட்டியபோது கயிறு போய்க் கொக்கி வந்தது. கயிறே இருந்திருக்கலாம்.

*

பாட்டியாலா மாலை. மகாராஜா பூபிந்தர் சிங் 1925இல் கல் மூட்டையோடு பாரிஸுக்கு உத்தரவு கொடுத்தார். 1928இல் வேலை முடிந்தது. 2,930 வைரம், ஐந்து அடுக்கு பிளாட்டினச் சங்கிலி, நடுவில் 234 காரட்டுக்கு மேற்பட்ட மஞ்சள் நிற டி பியர்ஸ் வைரம். மார்பு முழுக்க விழுந்து கிடக்கும் நகை. கழுத்தோடு ஒட்டிய பட்டை தனி.

1948 வாக்கில் கருவூலத்திலிருந்து மாலை காணாமல் போனது. 1982இல் டி பியர்ஸ் வைரம் மட்டும் ஜெனிவா ஏலத்தில் தலைகாட்டியது. 1998இல் லண்டனில் பழைய நகைக்கடை ஒன்றில் மிச்சம் அகப்பட்டது. கார்டியரின் எரிக் நுஸ்பௌம் கண்ணில் பட்டது. பெரிய கற்கள் ஒன்றும் இல்லை. பல் விழுந்த ஈறு மாதிரி வெறும் பிளாட்டினக் குழிகளும் சங்கிலியும். உருக்கினால் என்ன பெறும்? கார்டியர் அதை வாங்கியது. போன கற்களின் இடத்தில் ஜிர்கோனியாவும் செயற்கைக் கற்களும் வைத்துச் சில ஆண்டுகள் உழைத்துச் சரிசெய்தது. கல் இல்லாத நகைக்கு இப்படி மெனக்கெட்டது ஏன் என்று கேட்டால், அவர்களைப் பொறுத்தவரை நகை தொலையவே இல்லை, கல்தான் தொலைந்தது.

2022 மெட் காலாவில் அமெரிக்கப் பெண் எம்மா சேம்பர்லெய்ன் பாட்டியாலா கழுத்துப்பட்டையைப் போட்டு வந்தார். இந்தியாவில் கோபம் கிளம்பியது. 2025இல் அதே விழாவுக்குப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ஜ் மாலையைக் கேட்டபோது கொடுக்கவில்லை. அவர் ஜெய்ப்பூர் நகைக்காரர்களிடம் அதன் சாயலில் செய்து போட்டுக்கொண்டு, பஞ்சாப் வரைபடம் போட்ட அங்கியோடு போனார். என் கணக்கில் அன்று வென்றது தில்ஜித்தான். காகிதத்தில் பார்த்தால் கார்டியர் காசு கொடுத்து வாங்கியதுதான், சரிசெய்ததும் அவர்கள்தான். ஆனால் பாட்டியாலாவின் கல்லும் பாட்டியாலாவின் பணமும் இல்லாமல் அந்த வடிவம் பிறந்திருக்காது. மரபு என்ற சொத்தில் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை.

*

நவாநகர் மாலை. கிரிக்கெட் ரஞ்சித்சிங்ஜிக்காக ஜாக் 1931இல் முடித்தது. 136 காரட் ஹாலந்து ராணி வைரம், சுற்றிலும் வண்ண வைரங்கள். ரஞ்சி 1933இல் காலமானார். மாலையும் பின்னர் பிரிக்கப்பட்டது. 2018இல் வந்த 'ஓஷன்ஸ் 8' படத்தில் திருடப்படும் மாலை இதன் பழைய வரைபடத்திலிருந்து கார்டியர் பட்டறையே போலிக் கல்லில் செய்தது. ஆணின் மார்புக்கு வரைந்தது என்பதால் நடிகைக்காக அளவைக் குறைத்தார்கள். கல் வேண்டாம், ஒரு தாள் போதும்.

*

இலங்கை நீலம் ஒன்று: 478 காரட், கார்டியர் தொங்கலாகக் கட்டியது. 1921இல் ருமேனிய மன்னர் பெர்டினாண்ட் ராணி மரியாவுக்காக வாங்கினார். ராணியின் பழைய நகைகள் போர்க்காலத்தில் மாஸ்கோவுக்குப் பாதுகாப்புக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாமலே போயிருந்தன. இங்கேயும் கல் போய்க் கல் வந்தது.

*

சிறுத்தை. 1914இல் ஒரு கைக்கடிகாரத்தில் வெறும் புள்ளியாகத் தொடங்கியது: வைரத் தளத்தில் கருப்பு ஓனிக்ஸ் துளிகள். முழு விலங்காக எழுந்து நின்றது ஜான் தூசான் காலத்தில். 1933இல் லூயி இவரை உயர்நகைப் பிரிவின் தலைவராக்கினார். வரையத் தெரியாதவர் என்பார்கள். ஆனால் எது தேறும், எது தேறாது என்று பார்த்தவுடன் சொல்லும் கண். வரைந்தவர் பீட்டர் லெமார்ஷான். வின்சென் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் விலங்கைப் பார்த்து வரைந்தார்.

1948இல் விண்ட்சர் கோமகளுக்காக 116.74 காரட் மரகதத்தின் மேல் பொன் சிறுத்தை. அடுத்த ஆண்டு 152.35 காரட் காஷ்மீர் நீலத்தின் மேல் இன்னொன்று, இம்முறை வைர உடம்பு. இந்த இரண்டாவதில் கல் சிறுத்தைக்குப் பீடமாகிவிட்டது. 152 காரட் காஷ்மீர் நீலத்தை மிதித்துக்கொண்டு உட்கார ஒரு விலங்குக்கு இடம் கொடுத்தார்கள் என்றால் வீட்டின் மனப்போக்கு அதிலேயே தெரிகிறது.

புள்ளி வைக்கிற விதம்தான் வேலை. ஒவ்வொரு ஓனிக்ஸும் உடம்பின் வளைவுக்குத் தக்கபடி தனித்தனியே அறுபடுகிறது. பதித்த பிறகு கல்லின் ஓரத்தில் உலோகத்தை மெல்லிய இழைகளாக எழுப்பி மடக்கிவிடுகிறார்கள், ரோமம் படிந்தாற்போல. 1952இல் அதே கோமகளுக்குச் செய்த சிறுத்தைக் கங்கணம் மூட்டுக்கு மூட்டு வளையும், மணிக்கட்டில் படுத்துக்கொள்ளும். 2010இல் லண்டன் ஏலத்தில் 45 லட்சம் பவுண்டு. ஓனிக்ஸ் மலிவான கல் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

தூசான் பற்றி இன்னொன்று. 1942, பாரிஸ் ஜெர்மானியர் பிடியில். கடைக் கண்ணாடியில் கூண்டுப் பறவை புரோச் ஒன்று வைக்கப்பட்டது. பறவையின் நிறம் பிரெஞ்சுக் கொடியின் நிறம். தூசானை அழைத்து விசாரித்தார்கள். 1944இல் விடுதலை வந்ததும் அதே பறவை, கூண்டுக் கதவு திறந்தபடி, பாடிக்கொண்டு.

*

மர்மக் கடிகாரம், 1912. கண்ணாடி போன்ற பளிங்குத் தட்டின் நடுவில் இரண்டு முள் அந்தரத்தில் நிற்கும், நகரும். எந்திரம் எங்கே என்று தெரியாது. மோரிஸ் கூவே செய்தது. யோசனை மந்திரக்காரர் ராபர்ட்-உதேனிடமிருந்து. சூட்சுமம் எளிது. முள்ளைச் சுற்றுவது அச்சல்ல. ஒவ்வொரு முள்ளும் ஒரு கண்ணாடி வட்டில் ஒட்டியிருக்கிறது. வட்டின் விளிம்பில் பல். விளிம்பைச் சட்டம் மறைத்துவிடும், எந்திரம் அடிப்பீடத்தில் இருந்து வட்டையே சுழற்றும். கடை விற்பனையாளர்களுக்குக்கூட ரகசியம் சொல்லப்படவில்லையாம்.

*

மெக்சிகோ நடிகை மரியா ஃபேலிக்ஸ். 1968இல் 2,473 வைரப் பாம்பு. 1975இல் இரட்டை முதலை மாலை: ஒன்றில் 1,023 மஞ்சள் வைரம், மற்றதில் 1,060 மரகதம். மாதிரிக்கு உயிருள்ள முதலைக் குட்டியையே கடைக்குக் கொண்டுவந்தார், சீக்கிரம் செய்யுங்கள், வளர்ந்துவிடும் என்றார் என்பது கதை. வாடிக்கையாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

*

கல்லே இல்லாதவை, அல்லது கல் தேவைப்படாதவை. 1904, வானோடி சாந்தோஸ்-டுமாந்த் பறக்கும்போது பாக்கெட்டில் கைவிட முடியவில்லை என்றதற்குப் பதிலாக மணிக்கட்டில் கட்டும் சதுரக் கடிகாரம். திருகு வெளியே தெரியும்படி. 1917, டாங்க்: ரெனோ பீரங்கி வண்டியை மேலிருந்து பார்த்த உருவம், இரு பக்கக் கம்பிகளே தடம். ஆண்டி வார்ஹோல் இதைக் கட்டிக்கொண்டார், சாவி கொடுக்காமல்! 1924, மூன்று நிறப் பொன் வளையங்கள் கோத்த டிரினிட்டி. விரலில் உருட்டிக்கொண்டே இருக்கலாம். இவை மூன்றும் எனக்குச் சிறுத்தையைவிட மேல். எடை போட்டால் ஒன்றுமில்லை, மாற்ற ஒரு கோடும் இல்லை.

1969, லவ் கங்கணம். நியூயார்க்கில் ஆல்டோ சிபுல்லோ வரைந்தது. இரண்டு அரைவட்டத் தங்கப் பட்டை, திருப்புளியால் முடுக்க வேண்டும். தானே கழற்றிக்கொள்ள லேசில் வராது. 1971இல் அதே கை ஆணியை வளைத்துக் கங்கணமாக்கியது. இரும்புக்கடைச் சாமானைத் தங்கத்தில் செய்து விற்றார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

*

வேடிக்கை இதுதான். லவ் கங்கணம் வந்தபோது நியூயார்க் கடை கார்டியர் குடும்பத்தின் கையில் இல்லை. லூயியின் மகன் குளோட் 1962இலேயே விற்றுவிட்டார். 1970களில் ரோபேர் ஹோக் தலைமையில் ஒரு முதலீட்டுக் கூட்டம் பாரிஸ், லண்டன், நியூயார்க் கடைகளை ஒவ்வொன்றாக வாங்கி மறுபடி ஒன்றாக்கியது. இன்று கார்டியர் ரிஷ்மோன் குழுமத்தின் ஓர் அங்கம். பழைய நகைகளை ஏலத்தில் தேடித்தேடி வாங்கிச் சேர்க்கும் கார்டியர் கலெக்‌ஷன் முறையாக நிறுவப்பட்டது 1983இல். இப்போது அதில் 3,000க்கும் மேல். ஒரு காலத்தில் தாங்களே விற்றதைத் தாங்களே, பன்மடங்கு விலை கொடுத்து. வாங்கிய விலையில் எவ்வளவு கல்லுக்கு, எவ்வளவு செய்கூலிக்கு என்று பிரித்துச் சொல்லும் ரசீது மட்டும் எந்த ஏலக்கடையிலும் கிடையாது.